தேய்மானம் நீங்கலாக

நான்கு டயருக்கும் நீட்டிப்பு உத்தரவாதம் எடுத்த மறுவாரமே பள்ளி வேன் ஓட்டுநர் தேய ஆரம்பித்தார். டயர் தேயவில்லை, அவர்தான் தேய்ந்தார். முதலில் உள்ளங்கால் ரேகை அழிந்தது, பிறகு குதிகால் வழவழவென்றாகி வீட்டுத் தரையில் வழுக்கியது. மழைக்காலம் முடிவதற்குள் கால்சட்டையின் அடியை மடித்துத் தைக்க வேண்டி வந்தது. டயர்களோ பள்ளத்தில் இறங்கி ஏறி, குத்திய ஆணியை மென்று துப்பி, புது ரப்பர் வாசனை மாறாமல் ஓடின. அக்கம்பக்கத்தார் பெருமையாகத்தான் பேசினார்கள். குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்கிற மனுஷன் என்று எல்லா அப்பாக்களையும் சொல்வதுதானே, இவர் அதை ஒழுங்காகச் செய்கிறார், அவ்வளவுதான்.

அவருடைய மகள் அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் வந்தவள். அப்பாவின் கால் பிரேக்குக்கு எட்டாத நாளில் பிள்ளைகள் கதி என்ன, அப்பா என்று ஒருவர் மிஞ்சுவாரா என்பது அவளுக்குத்தான் உறைத்தது. இந்த டயரைக் கழற்றிப் பழையதை மாட்டச் சொன்னாள். ஓட்டுநர் அதிர்ந்துபோனார். "கவரேஜ் இருக்கறப்ப எவனாவது டயரக் கழட்டுவானா? படிச்ச புள்ள பேசற பேச்சா இது?" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். இலவசமாக வருவதை வேண்டாம் என்பது அந்த வீட்டில் சோற்றைக் கீழே கொட்டுவதற்குச் சமம்.

மகள் அப்பாவை இழுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனாள். மேலாளர் டயரின் வரிப்பள்ளத்தை அளந்தார், மரியாதைக்காக அப்பாவையும் அளந்தார்.

"டயர்ல ஒரு குறையும் இல்லையேம்மா. சாருக்கு ஆகறது இயல்பான தேய்மானம். அது கவர் ஆகாது."

"அப்ப எங்கப்பா தேஞ்சு காணாமப் போயிட்டா?"

"வாரிசு பேருக்கு உத்தரவாதம் மாறிடும். கவலையே படாதீங்க."

இவ்வளவு அலட்சியத்தை இவ்வளவு இனிமையாகச் சொல்ல அவருக்குத் தனிப்பயிற்சி கொடுத்திருந்தார்கள். வேண்டுமானால் ரொட்டேஷன் செய்து தருகிறேன், பராமரிப்புத் திட்டத்தில் அது இலவசம் என்றார். முன் சக்கரத்தைப் பின்னுக்கும் பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றினால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. மகள் அவரையே பார்த்தாள். "டயர விடுங்க. ஆள மாத்திக்கலாமா?" அவர் தலைமையகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். விதியில் தடையில்லை என்றார்கள்.

அதன்பின் காலை டிரிப் அம்மா, மாலை டிரிப் மகள், இடையில் தாய்மாமன், மிச்சத்துக்கு அப்பா. அப்பா காணாமல் போகவில்லை. அவருடைய தேய்மானம் நால்வருக்கும் பங்கானது. பிரேக்கில் மரக்கட்டை வைத்துக் கட்டினார்கள், அது பராமரிப்பில் வந்தது. தாய்மாமனுக்கு வாசல் நிலையில் நெற்றி இடிப்பது நின்றதில் திருப்தி. அனுபவம் போதாது என்று மகளைத் திருப்பி அனுப்பிய அலுவலகங்கள் இப்போது உயரம் போதாது என்றன. சில வருஷத்தில் நால்வரும் ஒரே அளவுக்கு வந்தார்கள். கடைக்காரர்கள் அவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, 'சீரான தேய்மானம், சிரித்த குடும்பம்' என்று வாசலில் மாட்டினார்கள். தெருவில் பாதிப்பேர் கடை புதிதாக அறிவித்த குடும்பத் திட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

காலையில் வேன் வந்து நிற்கும்போது ஓட்டுநர் இருக்கையில் தலை ஏதும் தெரிவதில்லை. பிள்ளையை ஏற்றிவிட வந்தவர்கள் ஜன்னலில் எட்டி, "இன்னிக்கு யாரு?" என்று கேட்பார்கள். "நான்தான்க்கா, ஏத்துங்க, நேரமாச்சு" என்று கீழேயிருந்து குரல் வரும். ஏற்றிவிட்டுப் போவார்கள்.