எஞ்சின் ஆறட்டும்

நல்ல நேரம் பார்க்காமல் நான் எந்தக் காரியத்தையும் தொட்டதில்லை. பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போவதற்கும் பார்த்தேன். புதன்கிழமை காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. என் வீட்டுக்காரர் ராமர் அதை முதல் நாளே கார்க்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

"சார், சரியா ஒம்பதரைக்கு வந்துருவோம். அந்த நேரத்துக்குள்ளயே பேசி முடிச்சுக்குவோம்."

பக்கத்தில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்த நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து செய்த முட்டாள்தனம் அது. அப்போது உறைக்கவில்லை.

கார் எங்களுக்கு ஊர் சுற்றுவதற்கு இல்லை. எங்கள் தோட்டம் வடமதுரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் மகள் பவித்ராவுக்கு விடியற்காலையில் வலி வந்தது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடியதால் ஆம்புலன்ஸ் சுற்றி வர வேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து மணிமாறன் தன் லோடு வண்டியை எடுக்கிறேன் என்று ஓடினான். அது கிளம்பவில்லை. அவன் சாவியைத் திருகத் திருக, வண்டி கர் கர் என்று இழுத்ததே தவிர எழும்பவில்லை. சுற்றி வந்த ஆம்புலன்ஸில் நாங்கள் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அந்தக் கர் கர் சத்தம் எங்கே கேட்டாலும் இன்றைக்கும் காதைப் பொத்திக்கொள்வேன்.

இப்போது பவித்ரா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். வளைகாப்பு முடிந்து போன வாரம்தான் அழைத்து வந்தோம். ஒன்பதாம் மாதம். இந்தத் தடவை வாசலில் வண்டி நிற்கும் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தேன். காலையில் எழுந்ததும் வளையல் குலுங்க வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போவாள். வண்டி எங்கே என்று கேட்டாலாவது பதில் சொல்லலாம்.

கார்க்காரர் மிக்கேல்ராஜ் சார், ராமருக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். மேட்டுப்பட்டியில் வீடு. ராமர், ஐம்பத்திரண்டு வயது மனுஷன், வாத்தியாரைக் கண்டதும் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவரை நம்பி வண்டி பார்க்க முடியாது என்றுதான் பேகம்பூர் மெக்கானிக் பீர் முகமதுவை வரச் சொல்லியிருந்தேன். பைக்கில் எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

வெள்ளை டீசல் கார். பதின்மூன்று வயது. கழுவித் துடைத்து நிழலில் நிறுத்தியிருந்தது. கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கியது. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

பீர் முகமது பேனட்டைத் திறந்தார். எதையும் பார்ப்பதற்கு முன்னால் புறங்கையை எஞ்சினருகே கொண்டுபோய் வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"வண்டிய இன்னைக்கு எங்கயும் எடுத்தீங்களா சார்?"

"இல்லப்பா. முந்தாநாள் எடுத்தது."

பீர் முகமது புறங்கையைத் தேய்த்துக்கொண்டார். ராமர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். தொட்டதும் கிளம்பியது. அவர் முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து இறங்கியவர், என் கையிலிருந்த மஞ்சள் பையைக் கண்ணால் காட்டினார். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் அதற்குள் இருந்தது. மணி பத்து.

பையைத் திறக்கப் போனேன். பீர் முகமது என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, செத்த பொறுங்க. நாம வரும்போதே எஞ்சின் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. காலைல ஓட்டி வச்சிருக்காங்க."

"ஓட்டுனா என்ன பாய்?"

"சூடா இருக்கிற வண்டி கிளம்பத்தான் செய்யும். ஆறிக் கெடக்கிற வண்டி கிளம்புதான்னுதான பாக்கணும்? நீங்க வர்ற நேரத்த முன்கூட்டியே சொல்லிட்டீங்களா?"

எனக்குச் சுரீர் என்றது. நல்ல நேரம் பார்த்தது நான். அதைச் சார் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் நாங்கள்தான்.

"வண்டி ஆறட்டும். அப்புறம் பேசுவோம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

ராமர் என்னைத் தனியே இழுத்துப்போனார். "பேச்சி, இன்னும் பத்து நிமிசத்துல நேரம் முடியப் போகுது. சார் நம்மகிட்டப் பொய் சொல்லுவாரா?"

"சார் எதையும் சொல்லட்டும்ங்க. எஞ்சின் வேற சொல்லுது."

"அவரு மொகத்தப் பாத்து எப்படி..."

"நீங்க பாக்க வேணாம். நான் பாத்துக்கிறேன்."

பத்தே கால் ஆனது. ராமர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொத்து முங்கிப் போன மாதிரி நின்றார். எனக்கும் உள்ளுக்குள் பதறியது. நல்ல நேரத்தைக் கையால் நழுவ விடுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

மிக்கேல்ராஜ் சார் மறுக்கவில்லை. எங்களை உள்ளே உட்கார வைத்து, தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். வீடு துடைத்துச் சுத்தமாக இருந்தது, ஆனால் பொம்பளை புழங்கும் வீடாகத் தெரியவில்லை. சுவரில் இயேசு படத்துக்குக் கீழே ஒரு அம்மாவின் படம், மாலை போட்டு. கீழே பெயர் எழுதியிருந்தது: ஆனந்தமேரி.

பதினொன்று. பன்னிரண்டு. பீர் முகமது அவ்வப்போது எழுந்துபோய்ப் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்று தலையசைத்தார். பன்னிரண்டுக்கு மேல் ராகுகாலம் வேறு. ராமர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் மறுபடியும் டீ போட்டுக் கொண்டுவந்தார். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாது.

"நாங்க காரு வாங்குறது எதுக்குன்னு இவரு சொன்னாரா சார்?"

"குடும்பத்துக்குன்னு சொன்னாரும்மா."

"மக பிரசவத்துக்கு" என்றேன். மணிமாறன் வண்டி கிளம்பாத கதையைச் சொன்னேன். குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தது வரை சொன்னேன். "அதனாலதான் சார். எங்களுக்கு வண்டி வேகமாப் போக வேணாம், ஏசி வேணாம். எந்த நேரமானாலும் மொதத் திருகுல கிளம்பணும். அது போதும்."

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த இடம் சரியில்லாமல் சாய்ந்து டீ கொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவர் குனியவில்லை.

"இந்த வண்டி உங்களுக்கு வேணாம்மா" என்றார்.

ராமர் நிமிர்ந்தார்.

"காலைல எட்டு மணிக்கு அரை மணி நேரம் போராடி ஸ்டார்ட் பண்ணி, பைபாஸ் வரைக்கும் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். நல்ல நேரத்துல வர்றீங்க, மொதத் தடவையே கிளம்பலைன்னா சகுனம் சரியில்லைன்னு போயிருவீங்கன்னு நெனச்சேன். ராத்திரி நின்னுச்சுன்னா காலைல எழும்பாது. எஞ்சின் தேஞ்சுபோச்சுன்னு ஒரு மெக்கானிக் சொன்னான்." படத்தைப் பார்த்தார். "போன வருசம் இவளுக்கு நெஞ்சுவலி வந்த அன்னைக்கும் எழும்பல. பின்சீட்டுல படுக்க வச்சுட்டு நான் பாட்டுக்குத் திருகிக்கிட்டே இருந்தேன். இதோ கிளம்பிரும், இதோ கிளம்பிரும்னு. பேட்டரி செத்தபெறகுதான் ஆட்டோவத் தேடி ஓடுனேன்."

இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"பொண்டாட்டியப் பறிகுடுத்த வண்டின்னு தெரிஞ்சுமா சார் எங்க தலையில கட்டப் பாத்தீங்க?"

"பேச்சி" என்றார் ராமர்.

"விடு ராமர். அவங்க கேக்குறது நியாயந்தான்" என்றார் அவர். "வாசல்ல அது நிக்கிறதப் பாக்க முடியல. எப்படியாவது போய்த் தொலஞ்சாப் போதும்னு இருந்துட்டேன். யாரு வாங்குறாங்க, எதுக்கு வாங்குறாங்கன்னு நான் யோசிக்கல."

நான் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பவித்ராவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. வாசலில் பீர் முகமது வழியை மறித்தார்.

"போறது போறீங்க, வண்டி ஆறிருச்சு, ஒரு பத்து நிமிசம் இருங்கக்கா. எஞ்சின் தேஞ்சுதான் போச்சா, இல்ல டீசல் ஏறாமச் சண்டித்தனம் பண்ணுதான்னு பாத்துருவோம். தேஞ்சிருந்தா நானே பழைய இரும்புக்குப் போடச் சொல்லிருவேன். அண்ணே, நீங்க உக்காருங்க."

ராமர் உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

கர் கர் கர். அதே சத்தம். நான் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாசலில் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாதவர்கள் இரண்டு பேர் இருந்தோம்.

"போதும், நிறுத்துங்கண்ணே." பீர் முகமது பேனட்டுக்குள் குனிந்து, டீசல் வரும் வழியில் இருந்த சின்னக் கைப்பம்பை அமுக்க ஆரம்பித்தார். முதலில் லேசாகப் போனது. இருபது, இருபத்தைந்து தடவை அமுக்கியதும் இறுகி நின்றது. "டீசல் வந்துருச்சு. இப்பத் திருகுங்க."

எடுத்த எடுப்பில் கிளம்பியது. புகைகூட இல்லை. எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

பீர் முகமது கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அணைக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து எதையோ கழற்றினார். கையில் ஒரு ரப்பர் குழாய், ஒரு சாண் நீளம். மடித்துக் காட்டினார். நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"எஞ்சின் நல்லாருக்கு. இதான் பழுது. நிறுத்தி வச்சா இந்த வெடிப்பு வழியாக் காத்து ஏறி, டீசல் டேங்குக்கே திரும்பிருது. வேற குழாய் மாத்துனா முடிஞ்சுது."

சார் கையை நீட்டினார். பீர் முகமது கொடுக்கத் தயங்கி, பிறகு கொடுத்தார்.

"இதுவா?" என்றார். மறுபடியும், "இது மட்டுந்தானா?" என்றார்.

"ஆமா சார்."

அவர் அதை மடித்து மடித்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைக்கு வண்டி கிளம்பியிருந்தாலும் போற உயிர் போகத்தான் செய்யும் என்று ராமர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். நான் ராமர் கையைப் பிடித்து அழுத்தி நிறுத்தினேன். எங்கள் பேரப்பிள்ளை போனபோது எனக்கு அப்படிச் சொன்னவர்கள் பலர். அவர்களில் ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பீர் முகமது அன்று சாயங்காலமே புதுக் குழாயைப் போட்டுவிட்டார். ராத்திரி முழுக்க வண்டியை யாரும் தொடக்கூடாது என்று மட்டும் நான் சொன்னேன். எப்போது வருவோம் என்று சொல்லவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, விடியுமுன்னே முதல் பஸ்ஸில் ஏறிவிட்டோம். ஆறிலிருந்து ஏழரை வரை எமகண்டம். ராமர் அதை எனக்கு நினைவுபடுத்தவில்லை. நானும் காலண்டர் பக்கம் திரும்பவில்லை. கேட்டைத் தட்டும்போது ஆறே முக்கால். சார் தூங்கினவர் மாதிரித் தெரியவில்லை. பேனட்டின் மேல் பனி ஈரம் கலையாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

ராமர் சாவிக்குக் கை நீட்டினார்.

"நான் திருகட்டுமா?" என்று சார் எங்களிடம் கேட்டார்.

உள்ளே உட்கார்ந்தார். ஜெபமாலையை ஒரு தரம் தொட்டார். சாவியைப் போட்டுவிட்டு வெகு நேரம் சும்மா இருந்தார். பிறகு திருகினார்.

முதல் திருகில் கிளம்பியது.

ராமர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இனி பவித்ரா வாசலுக்கு வந்து பார்த்தால் வண்டி நிற்கும். மஞ்சள் பையைத் திறந்து வெற்றிலையை எடுத்துவிட்டேன். ஆனால் நீட்டவில்லை. சார் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கழுத்தை மட்டும் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவராக அணைக்கும்வரை நாங்கள் வெளியே நின்றோம்.