அரிஸ்டோபுலோவின் சிவப்புப் புள்ளி

யாமிலே ஏணியில் நின்று கூரைத் தூணில் அந்தச் சின்னத் திரையைத் திருகிக்கொண்டிருந்தாள். கீழே ஏணியைப் பிடித்திருந்த அவள் அப்பா அரிஸ்டோபுலோ, பிடித்ததைவிட முணுமுணுத்ததுதான் அதிகம்.

"இத்தன வருஷமா என் கண்ணுதான் இந்தக் களத்துக்கு அளவுகோல். இப்ப ஒரு டப்பா வந்து எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்!"

"உங்க கண்ணு எப்பவும் நம்ம டீமுக்குத்தானப்பா அளக்குது."

அது உண்மைதான். அவர் டீமில் ஆடுகிற நானே சொல்கிறேன். இரும்பு வட்டைத் தூக்கி எறிந்து, எதிரே சாய்த்து வைத்த பலகையில் அப்பிய களிமண்ணில் புதைந்திருக்கும் வளையத்துக்குப் பக்கத்தில் விழச் செய்ய வேண்டும். தெஹோ என்றால் அவ்வளவுதான். ஆனால் எது அதிகப் பக்கம் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே பதில், அரிஸ்டோபுலோவின் வட்டு. போன வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் கடைசிப் புள்ளிக்காகச் சண்டை போட்டு, பாதி பீர்ப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். குடிக்காமல் போனார்கள் என்றால் கோபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தலைவர் ஹெலியோடோரோவை இந்த வருஷம் கையைக் காலைப் பிடித்துக் கூட்டி வந்தது யாமிலேதான். இன்னொரு முறை ஏமாற்றினால் இந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வந்தார். அவர்களும் வராவிட்டால் எங்களோடு ஆட வேறு நாதி கிடையாது.

யாமிலேவுக்கு துன்ஹா நகரத்தில் வேலை. லிப்டுக்குள் மாடி எண் காட்டுகிற திரைகளுக்கு நிரல் எழுதுகிறாள். சின்னச் சில்லுகளில் படம் காட்டுவதற்கென்றே யாரோ எழுதி இலவசமாக விட்ட நிரல்தொகுப்பு ஒன்றை வைத்துத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. அதிலே கேன்வாஸ் என்று ஓர் உருப்படி. உருளைக்கிழங்கு கொட்டக் கிடங்கில் இடம் ஒதுக்குவது மாதிரி, நினைவகத்தில் முன்கூட்டியே இடம் ஒதுக்கிக் கொடுத்தால், அதன்மேல் கோடு, வட்டம், எது வேண்டுமானாலும் வரையலாம். பலகைக்குப் பின்னால் அதிர்வைக் கேட்கும் வில்லைகளை ஒட்டியிருந்தாள். திரையில் வளையத்தின் படம் இருக்கும், வட்டு விழுந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். எங்களுக்குச் சிவப்பு, அவர்களுக்கு நீலம்.

இருபத்தாறு வரைக்கும் பழைய முறை, இருபத்தேழாவது கடைசிப் புள்ளிக்கு மட்டும் டப்பா என்று பேச்சு. சொல்லிவைத்த மாதிரி இரண்டு பக்கமும் இருபத்தாறில் வந்து நின்றது. டப்பா எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அரிஸ்டோபுலோ ஒரு வட்டை எறிந்தார். கணக்கில் சேராத எறி. அதுதான் அவர் வாழ்நாளிலேயே நல்ல எறியாக அமைந்து தொலைத்தது. வளையத்தின் விளிம்பை உரசிக்கொண்டு விழுந்தது. திரையில் சிவப்புப் புள்ளி. எல்லோரும் கைதட்டினோம், வட்டைப் பிடுங்கினோம், ஆளுக்கொரு பீரைத் திறந்தோம். திரையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நிஜ ஆட்டம். அரிஸ்டோபுலோவின் வட்டு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஹெலியோடோரோவுடையது நாலு விரல் தள்ளி. முடிந்தது என்று நாங்கள் தொப்பியைக் கழற்றியபோது, அரிஸ்டோபுலோ திரையைப் பார்த்துக் கத்தினார்.

"பாருங்கடா! வளையத்துமேலயே நிக்குது என் சிவப்பு!"

"அண்ணே, உங்க வட்டு இதோ மண்ணுல கெடக்கு," என்றார் ஹெலியோடோரோ.

"விழுந்தது அங்க, சறுக்குனது இங்க. மெஷினு ரெண்டையும் பாத்துருக்கு. நீங்கதான மெஷினு வேணும்னீங்க?"

சொன்ன சூட்டிலேயே இரண்டு வட்டையும் மண்ணிலிருந்து பிடுங்கித் தலைக்குமேல் தூக்கி ஆட ஆரம்பித்தார். "என் மக செஞ்ச மெஷினு! என் மக!" அவள் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். ஹெலியோடோரோ கம்பளிப் போர்வையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டார். அவர் ஆட்கள் போன வருஷம் மாதிரியே பீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்கள்.

யாமிலேவுக்கு அப்போதுதான் உறைத்தது. லிப்டில் எண் மாறினால் பழைய எண்ணைத் தொகுப்பே அழித்துவிடும். அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டாள். கேன்வாஸ் அப்படியில்லை. நாமாக வெள்ளை பூசினால்தான் உண்டு, இல்லாவிட்டால் வரைந்தது வரைந்தபடியே கிடக்கும். பேசாமல் இருந்தால் அப்பாவுக்கு அவள் ராணி.

"அப்பா, அது நீங்க சும்மா எறிஞ்சது. நான் அழிக்க மறந்துட்டேன்."

அரிஸ்டோபுலோவின் கைகள் மெதுவாக இறங்கின. "இத வீட்டுல வந்து சொல்லக் கூடாதாம்மா?"

அவள் ஏணியில் ஏறினாள். மடிக்கணினியைச் சொருகி, புது ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் வெள்ளை பூசும்படி ஒரு வரி சேர்த்தாள். திரை பளிச்சென்று ஆனது. ஹெலியோடோரோ போர்வைக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்த அப்பனுக்கே எதிரா சொல்லுது பொண்ணு. வாங்கண்ணே, மறுபடி எறிவோம்."

நியாயப்படி அவர் ஜெயித்த ஆட்டம்.

அரிஸ்டோபுலோ மகளைப் பார்க்காமல் எறிந்தார். ஹெலியோடோரோ எறிந்தார். இரண்டாவது வட்டு முதல் வட்டின்மேலேயே போய் ணங்கென்று உட்கார்ந்தது. திரையில் ஒரே ஒரு நீலப் புள்ளி.

"என் சிவப்பு எங்க?" என்று அலறினார் அரிஸ்டோபுலோ.

"அடியில இருக்குப்பா. பின்னால வரைஞ்சது மேல நிக்கும்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றவர் ஏணியில் ஏறினார். மறுபக்கத்தில் ஹெலியோடோரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஏறினார். இரண்டு மூக்கும் திரையில் முட்டின.

"இங்க நகக்கீத்தாட்டம் ஒரு செவப்பு தெரியுதுண்ணே."

"எந்தப் பக்கம்? வளையத்துப் பக்கமா, வெளிப்பக்கமா?"

"யாமிலே, இதக் கொஞ்சம் பெருசாக்கு தாயி!"

கீழே நாங்கள் இரண்டு ஊர்க்காரர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகுக்குப் பின்னால், களிமண்ணில், இரண்டு வட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, யாரும் பார்க்காமல் கிடந்தன.