விற்றவன் மேல் ஒரு பிராது

பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனுஷன் பேசாமல் ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். பழமலைநாதனோ புதுச்சேரிக்குப் போய், இருபது வருஷப் பழசான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரெண்டே சீட்டு. ஒரு அரிசி மூட்டை வைக்க இடமில்லை. ஆசைப்பட்டுவிட்டார், என்ன செய்ய? பெண்டாட்டி துர்காவும் வெட்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து கடைத்தெருவில் ஒரு சுற்று போய் வந்தாள்.

ஒரு மாசம்கூட ஆகவில்லை. "ஸ்டியரிங் ஆடுது. பாவிப்பய, கோளாறு வண்டிய தலையில கட்டிட்டான்" என்று ஆரம்பித்தார். விற்றவன் போனை எடுக்கவில்லை. விடுவாரா? நேரே மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய், கொளஞ்சியப்பரிடம் அவன் மேல் பிராதைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு வந்தார். போலீஸ் கைவிட்டாலும் அந்தச் சாமி விசாரிக்காமல் விடாது.

சாமி பாட்டுக்கு விசாரிக்கட்டும், மெக்கானிக்கும் பார்க்கட்டும் என்று துர்காதான் திருமாலின் ஒர்க் ஷாப்புக்கு இழுத்து வந்தாள்.

"எப்பண்ணே ஆடுது? எண்பதுக்கு மேல போனா ஆடுதுன்னா சக்கரத்துல பேலன்ஸ் இல்ல. பிரேக் புடிக்கிறப்ப ஆடுனா டிஸ்க்கு."

"எப்பவும் ஆடுதுப்பா."

திருமால் சக்கரங்களைக் கழற்றி மிஷினில் சுற்றவிட்டான். முன்சக்கரம் ஒன்றில் பேலன்ஸுக்கு ஒட்டியிருந்த ஈயத்துண்டு கழன்று விழுந்திருந்தது. புதுசு ஒட்டினான். துர்காவை ஏற்றிக்கொண்டு மங்கலம்பேட்டை ரோட்டில் எண்பதைத் தாண்டி விட்டான். ஸ்டியரிங் அசையவில்லை. அப்பாடா! புருஷன் கையில் டீ டம்ளர் தளும்புவதை அவள் கொஞ்ச நாளாகவே பார்த்துக்கொண்டும் பார்க்காத மாதிரியும் இருந்தாள். எல்லாம் வண்டிக் கோளாறாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"சரியாயிடுச்சுங்க. உக்காந்து பாருங்க" என்றாள், வந்து இறங்கியதும்.

பழமலைநாதன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். விரல் மோதிரம் அதில் பட்டு டிக் டிக்கென்று தட்டியது.

"பாத்தியா? இன்னமும் ஆடுது."

திருமால் தன் கையைப் பார்த்தான். வண்டிச் சாவி இன்னும் அதில்தான் இருந்தது.

பழமலைநாதன் சாவியைப் பார்த்தார். அப்புறம் தன் வலது கையைப் பார்த்தார். இடது கையால் அதை அமுக்கிப் பிடித்தார். ரெண்டும் சேர்ந்து ஆடின. துர்கா ஓடிப்போய் அந்த ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவன் மேல தப்பில்ல துர்கா. நாளைக்கே போயி அந்தப் பிராத வாபஸ் வாங்கிடணும்."

"வாங்கிடலாம்ங்க."

"இந்தக் கைக்கு யாரு மேல பிராது கட்டறது?"