தூங்குகிறவளை எழுப்பாத பாட்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மருத்துவமனைக் கட்டிலில். கால் முறிந்து படுத்திருந்தேன். காலையில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸிடம், வாய் சும்மா இருக்காமல், "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டேன்.

"ராப் பாடுறார். பெரிய கம்பெனியில இருந்தார், விட்டுட்டார். இப்ப வீட்டுலயே ரெக்கார்டிங்." கைப்பட்டையைக் கழற்றியபடி தொடர்ந்தார். "நைட் டியூட்டி முடிஞ்சு நான் பகல்ல தூங்கணும் இல்ல? அதனால மெதுவாப் பாடுறார்."

அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"இருபது வருடம் மேடையை அதிரவைத்த அந்தச் சிங்கம்

(சிங்கம் சுவரொட்டிக்குத்தான் சரிப்படும். அடித்துவிட்டேன்.)

"கம்பெனி அவன் ரத்தத்தை உறிஞ்சி

(இதுவும் வேண்டாம். அவனை ஊரறியச் செய்ததே கம்பெனிதான்.)

நேராகவே சொல்கிறேன். அவனை எல்லோரும் 'உளி' என்பார்கள். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. தொண்டை கிழியக் கத்துவதில் பேர் வாங்கியவன். போன மழைக்காலத்தில் கம்பெனி மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, அடுத்த ஆல்பமும் பழைய மாதிரியே வேண்டும் என்றார்.

"அண்ணே, ஜனங்களுக்கு உங்க கோபம்தான் வேணும்."

"கோபம் இல்லப்பா. தீந்துபோச்சு."

"இருக்கிற மாதிரி பாடுங்களேன்."

உளி சண்டை போடவில்லை. காபியைக் குடித்து முடித்தான், எழுந்தான், வந்துவிட்டான். பழைய பாட்டெல்லாம் கம்பெனியிடமே தங்கிவிட்டது.

3

வீட்டின் முன்னறையை ஒட்டி டயர் கடை. அங்கே மைக் வைத்தால் பாட்டுக்குப் பதில் பஞ்சர்தான் பதிவாகும். படுக்கையறை ஒன்றுதான் அமைதியான இடம். துணி அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டான். துணி எதிரொலியை விழுங்கிவிடும். இரண்டு கை தூரத்தில், முகத்தைப் போர்த்திக்கொண்டு மனைவி தூங்குவாள்.*

அவளை எழுப்பாமல் பாட வேண்டும். கத்திப் பழகிய வாய்க்கு அது லேசில் வரவில்லை. பல்லைக் கடித்தான், மூச்சு முட்டியது. பிறகு மெல்ல மெல்ல, காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல் வார்த்தைகள் விழ ஆரம்பித்தன. உரக்கச் சொல்ல முடியாதவையெல்லாம் அந்தக் குரலில் வந்தன.

* இந்த இடத்தில் இவள் எனக்கு வெறும் போர்வையாகத்தான் தெரிந்தாள். எழுதுகிறவனின் சோம்பல். அடுத்த பகுதியில் அவளே எழுந்துகொண்டாள்.

4

அவன் பாடிக்கொண்டிருந்தது மாமனாரின் சாவை.

நாலு வருடத்துக்கு முன், வெளியூர் மேடையில் அவன் கத்திக்கொண்டிருந்தபோது அவர் போய்விட்டார். நிகழ்ச்சி முடியும்வரை மேனேஜர் செய்தியை அமுக்கி வைத்திருந்தார். காரியமெல்லாம் முடிந்துதான் உளி வந்து சேர்ந்தான். 'கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்கல, கைதட்டல் காதை அடைச்சிருச்சு' என்று பாட்டு போனது. தன்னைத்தானே போட்டு வாட்டி எடுத்திருந்தான். நல்ல பாட்டு என்று அவனுக்கே தெரிந்தது. மறுநாள் இணையத்தில் ஏற்றுவதாக இருந்தான். கம்பெனியை விட்டாயிற்று, ஏன் என்று கேட்க இப்போது ஆளில்லை.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அதைப் போடாதீங்க."

திரும்பினான். போர்வை விலகியிருந்தது.

"எழுப்பிட்டேனா?"

"நான் தூங்கவே இல்ல. இந்தப் பாட்டு ஆரம்பிச்ச நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நடக்கல." எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா உங்களைக் கூப்பிடல. என்னைத்தான் போன்ல கூப்பிட்டார்."

"நீ பக்கத்துல தானே இருந்தே?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

"நான் வார்டுல இருந்தேன். வேற ஒருத்தருக்கு மூச்சுத் திணறல், விட்டுட்டு வர முடியல. அவர் பிழைச்சுட்டார். நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அப்பா..." போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். "வந்தவங்க எல்லாரும், மகள் பக்கத்துல இருந்தா, நிம்மதியாப் போனார்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல. நீங்களும் கேக்கல."

அலமாரிக்கு வெளியே ஒரு புடவை நழுவி விழுந்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கம்பெனியை விட்டு வந்ததே தன் பாட்டு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான். முதல் பாட்டே இன்னொருத்தருடையதாகப் போயிற்று.

5

முடிவுக்கு வருவோம். அவன் பாட்டை அழித்துவிட்டுத் தூய ஆத்மாவாகிறான் என்று எழுதிப் பார்த்தேன். பொய் நெடி அடித்தது. அவள் சம்மதித்து, பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலிக்கிறது என்று

(சீ.)

அவர்கள் வீட்டுத் துக்கத்தை நான் இங்கே கடைபரப்பலாமா என்ற கேள்வியும் உண்டு. கற்பனைதானே என்று தப்பிக்கப் பார்க்கிறேன்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அன்று உளி பாடவில்லை. மைக்கைப் புடவைகளிலிருந்து கழற்றி எடுத்து, கட்டிலருகே அவள் வாய் உயரத்துக்குப் பிடித்தான்.

"எனக்கு ராப்பெல்லாம் வராது," என்றாள்.

"பேசு. போதும்."

"வெளிய போடுவீங்களா?"

"நீ சொன்னா."

ஜன்னலை மூடிவிட்டு வரச் சொன்னாள். மூடிவிட்டு வந்தான். அவள் பேச ஆரம்பித்தாள்.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். நீங்களும்தான்.