பத்தாயிரம் ஓம் தாராளம்

1

'போதும்' என்று சொல்லத் தெரிந்த ஒன்றுக்கு விலையே கிடையாது என்பார்கள். சித்தூர் பஜாரில் அது ஒரு ரூபாய். ரெசிஸ்டர் என்று கேளுங்கள்: அரிசி அளவு உடம்பு, மேலே வண்ணக் கோடுகள், இரு பக்கமும் கம்பி வால். மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கும் என்பதற்கு அளவு ஓம்.

இந்தக் கதை, மாமாவின் எலக்ட்ரிகல் கடையில் நான் காட்டிய ஒரு தாராளத்தில் பிறந்தது. முதல் வரியை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

மாம்பழ சீசனில் சித்தூருக்கு ஒரு பெண்—

(மாம்பழத்துக்கு இதில் வேலை இல்லை.)

கன்னிகாவுக்கு வெளிச்சம் என்பது—

(ஐயோ.)

கன்னிகா ஒரே தேர்வில் இரண்டு முறை தோற்றவள்.

இது நிற்கட்டும்.

2

விஜயபுரம் பக்கத்துப் பெண். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி பெட்டி ஒட்டுகிறாள். திருப்பதியில் வைக்கும் தேர்வில் தேறினால் சோதனை மேஜைக்கு மாறலாம். அங்கே நாற்காலி உண்டு. மூன்றே வாய்ப்பு. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் எல்.இ.டி. எரிகிற சர்க்யூட் ஒன்றைக் கட்டிக் காட்ட வேண்டும். சாமான் அவரவர் செலவு.

முதல் முறை ரெசிஸ்டர் போடாமல் கட்டினாள். எல்.இ.டி. பளிச்சென்று எரிந்து கருகியது. இரண்டாம் முறைக்கு முன் கடைக்கு வந்தாள். கல்லாவில் நான்.

"நானூத்தி எழுபது ஓம் ஒண்ணு குடுண்ணா."

"அதே ஒரு ரூபாய்க்குப் பத்தாயிரம் ஓம் கீதும்மா. எடுத்துக்கினு போ."

"அதே ரேட்டா?"

"உனக்காக."

(அடிக்குறிப்பு: எல்லா ஓமும் ஒரே விலைதான். 'உனக்காக' என்பது எங்கள் குடும்பச் சொத்து.)

வேர்க்கடலை மூட்டைக்கு எடை பார்த்து வளர்ந்தவள் அவள். அதே விலைக்கு அதிகம் வந்தால் விடுவாளா? சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

3

இரண்டாம் முறையும் தோற்றுவிட்டுக் கடைக்கு வந்தாள். "இன்னாண்ணா குடுத்த நீ? எரியுதான்னு பரீட்சை வைக்கிற சாரு கையால மூடிப் பாக்குறாரு. மின்மினிப்பூச்சியாம்மான்னு கேக்குறாரு!"

எனக்கு ஓம் தெரியாது, உவமை தெரியும். "எல்.இ.டி. பேரம் தெரியாத வாடிக்கை, கன்னிகா. குடுக்குறதெல்லாம் வாங்கித் துன்னு வயிறு வெடிச்சிப் போயிடும். ரெசிஸ்டர் கூட வர்ற மாமியாரு. பர்ஸ் அவங்க கையில. நான் அனுப்புன மாமியாரு கொஞ்சம் கெட்டி."

(இந்த உவமைக்காகத்தான் கதையே எழுத ஆரம்பித்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.)

"நல்லாத்தான் கீது. ஏன் நானூத்தி எழுபதுன்னு அவரு கேட்டா மாமியாருன்னு சொல்லவா? நம்பர் வேணும்ணா."

பில் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "தோத்த பெறகுதான் கணக்குக் கத்துக்கினேன். பேட்டரி ஒம்பது வோல்ட்டு. எல்.இ.டி. ரெண்டு எடுத்துக்கும். மீதி ஏழு. ஏழை நானூத்தி எழுபதால வகுத்தா பதினஞ்சு மில்லிஆம்பு. இருபதுக்கு மேல போனா கருகும். உன் பத்தாயிரத்தால வகுத்துப் பாரு, ஒண்ணு கூடத் தேறல."

அதோடு விடவில்லை. ஒரு எல்.இ.டி.யை ரெசிஸ்டர் இல்லாமலும், இன்னொன்றை நாற்பத்தேழு ஓமோடும் வேண்டுமென்றே கருக்கினாள். "எதுல சாவுதுன்னு தெரிஞ்சாத்தான் எதுல பொழைக்கும்னு தெரியும்." பிறகு நானூற்று எழுபது. இரண்டு கம்பிகளை என் டீ கிளாஸ் தண்ணீரில் விட்டாள். தண்ணீர் தொட்டதும், சர்க்யூட்டில் சுவிட்ச் வேலை பார்க்கும் டிரான்சிஸ்டர் கதவைத் திறந்தது. கடைவாசல் வெயிலிலும் சிவப்பு தெரிந்தது.

4

முடிவு ஒன்று: கன்னிகா தேறி, நாற்காலியில்—

(அடித்துவிட்டேன். அவளை நான் தேற வைத்தால், என் தப்புக்கு நானே தள்ளுபடி போட்டுக்கொண்டதாகும்.)

முடிவு இரண்டு: கன்னிகா மூன்றாம் முறையும்—

("எழுதித்தான் பாரேன்," என்கிறாள்.)

ஆகவே இப்போது திங்கட்கிழமை காலை, திருப்பதி. மேஜைமேல் தண்ணீர், எல்.இ.டி. எரிகிறது. சார் குனிந்து பார்க்கிறார். இந்த முறை கையால் மூடவில்லை. தெலுங்கில் கேட்கிறார்: "நானூற்று எழுபது எந்துக்கம்மா?"

கன்னிகா வாயைத் திறக்கிறாள்.

ஏன் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களே சொல்லிப் பாருங்கள். ஆனால் மாமியார் கூடாது.

நான் பில் புத்தகத்தை மூடுகிறேன்.

அவள் கேட்டது: 470 ஓம்.
நான் கொடுத்தது: 10,000 ஓம்.
அதிகம் கொடுத்த வகையில் என் பேரில் பாக்கி: 9,530 ஓம்.