கரும்பலகையின் கீழ் இடது மூலை

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, பாட்டில் தொழிற்சாலையின் அட்டைப்பெட்டிக் கிடங்கில் வருகைப்பதிவு எடுத்து முடித்ததும், பத்தாம் வகுப்பு மாணவர்கள் இருபத்துமூன்று பேரும் ஒளிர ஆரம்பித்தார்கள். வெளிச்சம் நெஞ்சுக்குழியிலிருந்து வந்தது. துணி அதைத் தடுக்கவில்லை. ஒருவருக்கு மங்கிய சிவப்பு, இன்னொருவருக்கு மஞ்சள், சிலருக்கு வெள்ளை. டீச்சர் அப்போது கரும்பலகையில் 'விண்மீன்களின் இயல்புகள்' என்ற தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினார். டியூப் லைட்டுகள் அணைந்துதான் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, விட்டுப்போயிருந்த தேதியைத் தலைப்புக்கு மேலே எழுதினார்.

வகுப்பு பிற்பகலில் நடந்ததற்குக் காரணம் உலை. கண்ணாடி உலையை ஒருமுறை பற்றவைத்தால் பத்து வருஷத்துக்கு அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி கல்லாக இறுகிவிடும், உலையைப் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே தொழிற்சாலைக்கு உறக்கம் கிடையாது. ஆட்கள் மூன்று ஷிப்ட்டாக மாறிமாறி வருவார்கள். நான்கு மணி ஷிப்ட்டுக்கு இரண்டு மணிக்கே வந்துவிடுகிறவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் பாடம். புதிய இயந்திரங்கள் வரப்போகின்றன, பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு மட்டுமே அதில் இடம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதால், முப்பதும் நாற்பதும் வயதானவர்கள் மறுபடி நோட்டுப்புத்தகம் வாங்கினார்கள். ஸ்டோர் கீப்பருக்கு வயது ஐம்பத்தேழு. புது இயந்திரம் அவருக்கு வேண்டியதில்லை, மருமகளிடம் விட்ட சவாலுக்காக வந்துகொண்டிருந்தார். டீச்சர் காலையில் பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு மதியம் இங்கே வருவார். அவருடைய தங்கை பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிக்குப் பசை தடவுகிறவள். அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தாள், இதே வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். வீட்டில் அக்கா என்பவள் வகுப்பில் மறக்காமல் டீச்சர் என்பாள்.

தொழிற்சாலை நர்ஸ் எல்லோர் நாக்குக்கும் அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். யாருக்கும் காய்ச்சல் இல்லை. சூப்பர்வைசர் கிடங்கு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெளிச்சம் வந்தா வரட்டும். நாலு மணிக்கு மெஷின்கிட்ட நின்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேர்வுக்குப் பத்து வாரமே இருந்தது. இப்படி ஒரு பாடப் பொருள் இனி எந்த ஆசிரியருக்கும் வாய்க்காது என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே ஜன்னல்களுக்கு அட்டை அடைத்துக் கிடங்கை இருட்டாக்கினார்.

நிறத்தை முதலில் எடுத்துக்கொண்டார். அதைச் சொல்லிக்கொடுக்க அவர் பாடுபடவே வேண்டியிருக்கவில்லை. உலையில் வேலை பார்ப்பவர், எல்லோருக்கும் அவர் உலையண்ணன், கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். "இது எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? சிவப்பா இருந்தா சூடு பத்தல. ஆரஞ்சு ஆனா பரவாயில்ல. வெள்ளையா கண்ணைக் கூசுச்சுன்னா கிட்ட போகாதேன்னு அர்த்தம்." விண்மீனுக்கும் அதேதான் என்றார் டீச்சர். சிவந்தது மேற்பரப்பில் குளிர்ந்தது, வெள்ளை அதைவிடச் சூடானது, நீலம் எல்லாவற்றிலும் சூடானது. வானத்தைத் தொட்டுப் பார்க்காமலே அதன் சூட்டைச் சொல்லிவிட முடிகிறது என்றால் நிறம் ஒன்றால்தான். அந்த வகுப்பில் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்ந்தது ஒரே ஒருத்தி. டீச்சரின் தங்கை.

பிரகாசத்தை அளக்க ஒரு வெள்ளைத்தாளும் ஒரு சொட்டு எண்ணெயும் போதுமாக இருந்தன. தாளின் நடுவே எண்ணெய் வைத்தால் அந்த இடம் வெளிச்சத்தை உள்ளே விடும். தாளின் ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் ஒரு பல்பு. ஆளின் வெளிச்சம் அதிகமானால் பொட்டு ஒருவிதமாகத் தெரியும், பல்பின் வெளிச்சம் அதிகமானால் வேறுவிதமாகத் தெரியும். பல்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பொட்டு காணாமல் போகும். அங்கே இரண்டும் சமம். பல்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்தால் ஆளின் பிரகாசம் கணக்கில் வந்துவிடும். ஒவ்வொருவரும் பின்சுவரை ஒட்டி, தாளிலிருந்து முப்பதடி தள்ளி நின்றார்கள். நோட்டின் தலைப்பில் டீச்சர் 'தூரம் முப்பது அடி, எல்லோருக்கும்' என்று ஒரே தடவை எழுதிக்கொண்டு, கீழே ஆளுக்கு ஒரு வரியாகப் பல்பு இருந்த தூரத்தை மட்டும் குறித்துக்கொண்டே போனார். இருபத்திரண்டாவது ஆள் முடியும்போது சங்கு ஊதிவிட்டது. தங்கை மட்டும் பாக்கி. அவளை அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் நிற்கவைத்து அளந்து, கடைசி வரியில் எழுதினார்.

ஸ்டோர் கீப்பரின் வெளிச்சம் ஒரு சங்கடத்தைக் கொண்டுவந்தது. அவர் சிவப்பு, ஆனால் அளவில் பெரும்பாலோரைவிடப் பிரகாசம். சிவப்பு என்றால் சூடு குறைவு, சூடு குறைந்தால் மங்கல் என்றல்லவா இருக்க வேண்டும். ஒவ்வொரு சாண் பரப்பிலிருந்தும் வருவது கொஞ்சம்தான், ஆனால் பரப்பு பெரியதாக இருந்தால் சேர்ந்து நிறைய வந்துவிடும், வயதான விண்மீன்கள் சில அப்படி உப்பிப் பெருத்துவிடும் என்றார் டீச்சர்.

"ஊதிப்போன கெழவன்னு நேராவே சொல்லுங்க டீச்சர். வீட்டுல மருமக தெனம் சொல்றதுதானே" என்றார் ஸ்டோர் கீப்பர்.

மறுநாள் கரும்பலகையில் ஒரு படம் வந்தது. குறுக்கே நிறம், இடது ஓரத்தில் நீலம், வலது ஓரத்தில் சிவப்பு. நெடுக்கே பிரகாசம், மேலே போகப் போக அதிகம். ஒவ்வொருவருக்கும் ஒரு சுண்ணாம்புப் புள்ளி. ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு இறங்கும் ஒரு சரிவில் வரிசையாக விழுந்தன. ஸ்டோர் கீப்பர் மட்டும் வலது பக்கம் மேலே தனியாக நின்றார். தங்கையின் புள்ளி சரிவின் உச்சியில், இடது மூலையில், பலகைச் சட்டத்தை ஒட்டி விழுந்தது. அதை வைத்த சுண்ணாம்புக்கட்டி டீச்சரின் கையில் ஒடிந்தது.

அடுத்த பாடம் விண்மீன்களின் ஆயுள். அந்த மூலையில் இருப்பவை பெரியவை, எரிபொருள் மிகுந்தவை. ஆனால் அதைத் தாறுமாறாகச் செலவழிப்பவை. மங்கலான சிவப்பு நட்சத்திரம் சிக்கனமாக எரிந்து கணக்கற்ற காலம் இருக்கும்போது, நீல உச்சியில் இருப்பது கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும். இதை டீச்சர் பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்துவந்தார். இப்போது சொல்லவில்லை. மின்சாரப் பாடத்துக்குத் தாவினார். அதை முடித்ததும் ஒலியை எடுத்தார். அது முடிந்ததும் மின்சாரத்தையே மறுபடி நடத்தினார். படத்தை அழிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. அதன் பக்கம் முதுகைக் காட்டி நின்றே ஐந்து வாரம் பாடம் எடுத்தார்.

வீட்டில் தங்கையை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. மாடிப்படி ஏறாதே என்றார், வெயிலில் நடக்காதே என்றார், அரை மணிக்கொருதரம் ஏதாவது சாப்பிடச் சொன்னார். தங்கை சாப்பிட்டுப் பார்த்தாள், பிறகு கேட்டாள். "என்னக்கா, வெட்டறதுக்கு முன்னாடி ஆட்டைத் தேத்துற மாதிரி தேத்துற?" டீச்சர் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

அவளிடம் எடை விஷயமாக ஏற்கெனவே ஒரு விநோதம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அவள் கணவனும் நான்கு வயது மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பஸ் பாலத்தைத் தாண்டவில்லை. அவள் எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை எழுந்து, குளித்து, எங்காவது வேலை இருக்கிறதா என்று கேட்டாள். அன்றிலிருந்து ஆள் பாதியாக இளைத்திருந்தும் அவள் கனத்தாள். இரண்டு கட்டில்கள் ஒடிந்தன. கால் வைத்த தரைக்கல் விரிந்தது. மருத்துவமனை எடைமேடையின் முள் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றதால், எந்திரம் கெட்டுவிட்டதென்று எழுதி ஒட்டினார்கள். துக்கம் அப்படித்தான் இருக்கும் என்று தெருவில் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வகுப்பு பொறுமை இழந்தது. கேட்டது உலையண்ணன். "டீச்சர், ஓம் விதிய மூணு தடவ படிச்சாச்சு. என் பையனுக்கே நான் சொல்லிக்கொடுக்கறேன். நட்சத்திரப் பாடத்துல பாதி அந்தரத்துல நிக்குது. அதுல அஞ்சு மார்க் இருக்காம்." டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினார். வலது கீழ்க் கோடியில் ஆரம்பித்தார். மங்கலான சிவப்பு, நீண்ட ஆயுள். நடுவே மஞ்சள், நடுத்தர ஆயுள். கை மெல்ல மேலே ஏறிச் சரிவின் பாதியில் நின்றுவிட்டது.

"சொல்லுங்க டீச்சர்" என்றாள் தங்கை. "என் புள்ளி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பாடப்புத்தகம் என்கிட்டயும் இருக்கு. தொண்ணூத்திரண்டாம் பக்கம்."

டீச்சர் சுண்ணாம்பைக் கீழே வைத்தார். வயதில் அக்காவாகவும் வேலையில் டீச்சராகவும் இருப்பவர் இரண்டில் எதுவாகவும் பேச முடியாமல் நின்றார். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து கழுகு பேசினாள். அவள் பாட்டில் செக்கர். நாளெல்லாம் வெளிச்சத் திரைக்கு முன்னால் நின்று பாட்டிலில் கீறலும் குமிழியும் தேடுவது அவள் வேலை. அந்தக் கண்ணுக்காக வந்த பட்டப்பெயர் அது.

"டீச்சர், இவளை எங்க நிக்கவச்சுப் பாத்தீங்க?"

"வீட்டுல. சமையலறையில."

"உங்க சமையலறை முப்பதடி இருக்கா?"

டீச்சர் மேஜைமேல் இருந்த நோட்டை எடுத்தார்.

"இல்ல, எங்க வேலையில பாட்டிலைத் திரையிலேர்ந்து எப்பவும் ஒரே கைநீளத்துலதான் பிடிக்கணும். புதுசா வர்றவங்க கிட்ட கொண்டுபோயிடுவாங்க. கிட்ட போனா எந்த பாட்டிலும் பளபளன்னுதான் இருக்கும். அதான் கேட்டேன்."

சமையலறையில் தங்கை தாளிலிருந்து ஐந்தடி தள்ளி நின்றிருந்தாள். அதற்குமேல் பின்னால் போக அங்கே சுவர் விடவில்லை. நோட்டைப் புரட்டினால், தலைப்பில் முப்பது அடி, எல்லோருக்கும். தூரம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தால் வெளிச்சம் ஆறு மடங்கு கூடித் தெரியாது. ஆறாறு முப்பத்தாறு மடங்கு கூடித் தெரியும். வெளிச்சம் போகப் போக அகலத்தில் மட்டும் விரிவதில்லை, உயரத்திலும் சேர்ந்தே விரிகிறது என்பதே காரணம். இதை அந்த வகுப்புக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது தங்கையைப் பின்சுவருக்கு அனுப்பி, முப்பதடியை நாடாவால் இரண்டு தடவை அளந்து, பல்பை நகர்த்தினார். பொட்டு மறைந்த இடத்தை உலையண்ணனும் கழுகும் தனித்தனியாகப் படித்துச் சொன்னார்கள். டீச்சர் உச்சியில் இருந்த புள்ளியைக் கையாலேயே அழித்தார். புதிய புள்ளி சரிவைத் தாண்டி நேராகக் கீழே இறங்கி, கீழ் இடது மூலையில், வேறு யாருமே இல்லாத இடத்தில் விழுந்தது. நிறம் மாறவில்லை, அதே நீலம் கலந்த வெள்ளை. அத்தனை சூடு, ஆனால் மங்கல். அப்படியானால் மிகச் சிறியது.

அது என்ன என்று டீச்சருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பாடமாகவே சொன்னார். இது எரிந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் இல்லை. எரிந்து முடித்தது. மேலே இருந்ததெல்லாம் கழன்று போய், நடுவே மிஞ்சிய கரு தன்மேலேயே இடிந்து சுருங்கி நிற்கிறது. அளவில் சிறியது, எடையில் பயங்கரம். அதில் ஒரு ஸ்பூன் அள்ளினால் ஒரு லாரி தாங்காது. உள்ளே எரிவது எதுவும் இல்லை. அது ஒளிர்வது பழைய சூட்டில்தான்.

கிடங்கில் ஒருவரும் நோட்டில் எழுதவில்லை. தங்கை பின்சுவரிலேயே நின்றிருந்தாள். அந்த வகுப்பில் முதல் தடவையாக அவள் டீச்சர் என்று கூப்பிடவில்லை.

"அப்ப நான் முடிஞ்சு போயிட்டேனாக்கா?"

"எரியறது முடிஞ்சுது. அது ஆறு வருஷம் முன்னாடியே முடிஞ்சுது. நான்தான் இன்னும் வரப்போகுதுன்னு பயந்துட்டிருந்தேன்."

"இனிமே?"

"இனிமே ஒண்ணும் ஆகாது. ஆறும், அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளாகும்?"

இதுவரை ஒன்றுகூட முழுசாக ஆறியதில்லை, அதற்குப் பிரபஞ்சத்துக்கே இன்னும் வயசு போதவில்லை என்றார் டீச்சர்.

"அவ்வளவு நாளா" என்றாள் தங்கை. அது சந்தோஷமாகக் கேட்கவில்லை. "ஆமா" என்றார் டீச்சர்.

ஸ்டோர் கீப்பர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப நம்ம அத்தன பேரையும் வழியனுப்பி வச்சுட்டுத்தான் இந்தப் பொண்ணு கதவைச் சாத்தும்." யாரும் சிரிக்கவில்லை. தங்கை லேசாகச் சிரித்தாள் என்று கழுகு பின்னாளில் சொன்னாள். மற்றவர்கள் அதைக் கவனித்ததாகச் சொல்லவில்லை. பிறகு தங்கை தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, "அந்த அஞ்சு மார்க் இதுலேர்ந்து வருமா டீச்சர்?" என்று கேட்டாள். வரும் என்றதும் எழுதிக்கொண்டாள். அன்று வீட்டில் டீச்சர் தங்கையைப் பாத்திரம் கழுவ விட்டார். ஐந்து வாரத்தில் முதல்முறையாகத் தன் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

தேர்வில் இருபத்தொரு பேர் தேறினார்கள். ஸ்டோர் கீப்பர் இரண்டாவது முயற்சியில் தேறி, மதிப்பெண் பட்டியலை மருமகளின் அலமாரியில் ஒட்டினார். மறு வருஷம் ஓய்வுபெற்றார், மூன்று வருஷத்தில் அவருடைய சிவப்பு வெளிச்சம் ஒரு மாதம் அறையெல்லாம் பரவி, பிறகு நின்றது. புது இயந்திரங்கள் வந்தன, பழசாயின, அவற்றைவிடப் புதியவை வந்தன. உலையை மூன்று முறை இடித்துக் கட்டினார்கள். உலையண்ணனின் ஆரஞ்சு வெளிச்சம் எழுபத்துநான்கு வயதில் நின்றது, கழுகினுடையது எண்பதில். ஒருநாளும் ஒளிராத டீச்சர் எண்பத்தொன்றாவது வயதில், பகல் தூக்கத்தில், தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போய்ச்சேர்ந்தார். தங்கை அழுதாள், துணிகளை மடித்து வைத்தாள், நோட்டுகளைப் பெண்கள் பள்ளிக்குக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு எழுபத்தாறு. நீலம் போய் வெள்ளை மட்டும் இருந்தது. எத்தனையோ வருஷம் கழிந்த இன்றைக்கு அதில் ஒரு துளி மஞ்சள் கலந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், இல்லை என்றும் சொல்கிறார்கள். அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் கிழமையையும் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு ஜன்னல் வெளிச்சம் அணையாது, கனத்த திரையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சாவியைக் கொடுக்கிறார்கள்.