அண்ணி படகில் இருக்கும் வரை

1

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் இரண்டு பெண்கள் ஒரு படகில் இருந்தார்கள். ஓயாமல் பேசினார்கள். பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை.

எனக்கு முதலில் கிடைத்த கதை இவ்வளவுதான். கிடைத்த இடம், நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்னறை. சொன்னவள் பக்கத்து மேசைக்காரி. ரத்தக் குழாய்களைச் சுழற்றும் எந்திரத்தில் வைத்து மூடிவிட்டு, அது சுற்றி முடிகிற நேரத்துக்குள் கொஞ்சம் சொல்வாள். மணி அடித்ததும் வேலைக்குப் போய்விடுவாள். அதனால் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியும். மறைக்கப் போவதில்லை.

"இத எழுதிக்கலாமா?" என்று அவளிடம் கேட்டேன். கேட்க வாய் வருவதற்கே எனக்குப் பல நாள் ஆயிற்று.

"எழுதிக்கோ. பேர் போடாத. மீனோட அளவ மட்டும் கொறச்சுடாத."

பேர் போடவில்லை. அவள் இந்தக் கதையில் நாத்தனார். இன்னொருத்தி, அவளுடைய அண்ணன் மனைவி. அண்ணி.

(மனைவி என்று எழுதிவிட்டேன். அது இப்போது சரியா என்பதுதான் கதையே. இருக்கட்டும்.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதினேன்.

"விடியற்காலையில் கழிமுகத்தின் நீர் உருக்கிய ஈயத்தைப் போல—" வேண்டாம். நான் ஈயத்தை உருக்கிப் பார்த்திருக்கிறேன். எந்த நீரும் அப்படி இருக்காது.

"திருமணம் என்பதே ஒரு தூண்டில்—" இதை எழுதிய கையை நானே தட்டிக்கொண்டேன்.

"அண்ணி லிஃப்ட் பழுது பார்ப்பவர்." இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

அண்ணி லிஃப்ட் பழுது பார்ப்பவர். கம்பி, கப்பி, எடை, எதிரெடை எல்லாம் அவர் கைக்குத் தெரியும். வேலை இல்லாத நாளில் கடலோரப் பாறையில் நின்று தூண்டில் வீசுவார். நாத்தனாருக்கு ஏரி. ஏரியில் பாஸ் என்கிற நன்னீர் மீன். இருவருமே புழுவையோ உயிர் மீனையோ முள்ளில் கோர்க்க மாட்டார்கள்.

"அது பரீட்சையில பிட் அடிக்கிற மாதிரி" என்பார் அண்ணி.

அவர்கள் பயன்படுத்துவது லூர். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்து, வண்ணம் பூசி, கண் வைத்து, வயிற்றில் முள் தொங்கவிட்ட பொய் மீன். நீரில் போட்டால் சும்மா கிடக்கும். தூண்டில் நரம்பைச் சுருட்டும் ரீலைச் சுற்றுகிற கைதான் அதற்கு உயிர்.*

*மீனின் உடம்பில் இரு பக்கமும் ஒரு கோடு ஓடுகிறது. நீரின் அதிர்வை அந்தக் கோடு உணரும். லூரின் நிறத்தை மெச்சுகிறவர்கள் அதை வாங்குகிறவர்கள். மீனை இழுப்பது பெரும்பாலும் அதன் துடிப்பு. படித்த படிப்பு எங்காவது வெளியே வந்தே தீரும். மன்னியுங்கள்.

தூண்டில் கடையில் கடைசியாக இருந்த ஒரு பச்சை லூருக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். அங்கே ஆரம்பித்த பழக்கம். அப்போது இருவரும் ஒருவரையொருவர் "வாடி, போடி" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கழிமுகம்தான் பொதுவான இடம். ஆறு கடலில் கலக்கிற அந்த இடத்தில் பாதி நீர் ஒருத்திக்குப் பழக்கம், மீதி நீர் மற்றவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வாடகைப் படகு.

பிறகு, பின்னாளில் அண்ணியானவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை இருந்த ஊரில் கடலும் இல்லை, ஏரியும் இல்லை.

நாத்தனார் தன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்: "அண்ணனுக்கு ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"என்ன பண்ணுது பொண்ணு?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"சமைக்குமா?"

"மீன் நல்லா சுத்தம் பண்ணும்மா."

அண்ணனுக்கு மீன் வாடையே ஆகாது. ஆனாலும் கல்யாணம் நடந்தது. மறுநாள் முதல் "வாடி" போய் "வாங்க அண்ணி" வந்தது. அம்மாவின் கட்டளை. அண்ணி மட்டும் பழையபடி "போடி"யிலேயே நின்றுகொண்டார்.

3

அண்ணன் எனக்குச் சரியாக வரவில்லை.

முதல் படியில் அவரைக் குடிகாரராக எழுதினேன். மேசைக்காரி படித்துவிட்டு, "எங்கண்ணன் இருமல் மருந்து குடிச்சாலே தூங்கிடுவான்" என்றாள். இரண்டாம் படியில் வேறொரு பெண்ணோடு பழகுகிறவராக்கினேன். "அதுக்கு நாலு வார்த்த பேசணுமே" என்றாள்.

ஆகவே உள்ளது உள்ளபடி. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். மனைவியின் வெயில் கண்ணாடியைத் தினமும் துடைத்து வைப்பார். அவர் துடைத்து வைத்தது அண்ணிக்குத் தெரியாது, அண்ணி நன்றி சொல்லாதது அவருக்குத் தெரியாது. ஒரே விடுதியில் தங்கிய இரண்டு பயணிகளைப் போல வருடங்களைக் கழித்தார்கள். சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை.

"சண்ட போட்டாத்தானே சமாதானம் ஆக முடியும்?" என்று அண்ணி ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

விவாகரத்துத் தீர்ப்பு அந்தப் படகுப் பயணம் நடந்த வாரம் வந்தது. அண்ணன் தங்கையிடம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா மகள் பக்கம் திரும்பி, "இனிமே அவளோட உனக்கு என்ன சுத்தல்? நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார்.

அண்ணியிடமிருந்து ஒரு சொல் இல்லை. வெள்ளிக்கிழமை போன் மட்டும் வந்தது. எப்போதும் வருகிற அதே போன்.

"ஞாயித்துக்கிழமை வர்றியா, இல்ல இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கப் போறியா?"

தீர்ப்பு வந்தது நாத்தனாருக்குத் தெரியும் என்பது அண்ணிக்குத் தெரியுமா? அவளுக்குத் தெரியவில்லை. பேச்சை எடுத்தால் இது கடைசி ஞாயிறாகிவிடும் என்று மட்டும் பயந்தாள். அண்ணி உறவு முடிந்ததும் அந்த ஆளும் போய்விடுவாரா? அண்ணனிடம் கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்கவே கூடாது.

(இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு உண்மையை உங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். படகில் இருந்த இருவரில் ஒருவருக்கு மட்டுமே அது தெரியும். நாத்தனார் அறிந்த இடத்தில்தான் நீங்களும் அறிய வேண்டும்.)

4

படகுக்காரர் கரையில் நின்று கயிற்றை அவிழ்த்தபடி, "என்ன, அண்ணியும் நாத்தனாரும் இன்னைக்கும் சண்ட போடக் கெளம்பியாச்சா?" என்றார்.

வழக்கமாக இருவரும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள். அன்று இருவரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் பார்த்தார்கள்.

கழிமுகத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றின் பழுப்பும் கடலின் பச்சையும் கலக்காமல் ஒரு கோடு போட்டிருந்தன. அந்தக் கோட்டை ஒட்டி வீசினார்கள்.

"உன் முடிச்செல்லாம் ஒரு முடிச்சாடி? இதுல லிஃப்ட் தொங்கினா நான் படியேறித்தான் போவேன்."

"அண்ணி, போன மாசம் அறுந்தது யாரு நரம்பு?"

"அது நரம்போட தப்பு."

"ஆமா, ஆடத் தெரியாதவளுக்கு..."

"வாய மூடிட்டு வீசுடி."

இப்படியே போயிற்று. கொடுவா மீன் ஒன்று வந்தது, சின்னது. முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார்கள். வெயில் ஏறியது. நாத்தனார் ஒவ்வொரு வீச்சுக்கும் முன் "அண்ணி, தீர்ப்பு வந்துடுச்சாமே" என்ற வாக்கியத்தை வாயில் எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வீச்சிலும் அதைச் சேர்த்து விழுங்கினாள்.

அப்போதுதான் அது வந்தது. பாறை மீன். வெள்ளித் தட்டுப் போன்ற உடம்பு.* அவளுடைய லூருக்குப் பின்னால் நீரைக் கிழித்துக்கொண்டு துரத்தியது. அவள் பார்த்தாள். கை தானாக நின்றது.

*முதலில் முழங்கை நீளம் என்றாள். மறுநாள் முழுக்கை. வாக்குக் கொடுத்திருப்பதால் முழுக்கை.

ஏரியில் அதுதான் சரி. துரத்தி வரும் பாஸ் முன்னால் லூரை ஒரு கணம் நிறுத்தினால் அது பாய்ந்து கவ்வும். அவளுடைய கை அப்படியே வளர்ந்த கை. பாறை மீன் வேறு சாதி. ஓடுகிற இரை நின்றால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும்.

"நிறுத்தாதடி! சுத்து! சுத்து!"

அவள் சுற்றுவதற்குள் மீன் படகுக்கு அருகே வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, லூரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"எத்தன தடவ சொல்றது? கடல் மீனுக்கு ஏரி மரியாத காட்டாதன்னு!"

நாத்தனார் தூண்டிலைக் கீழே வைத்தாள்.

"ஒரு மீன் போனதுக்கு எதுக்குடி உன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்றார் அண்ணி.

5

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ) இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மேசைக்காரி மறுத்துவிட்டாள். "அந்தப் படகுல ரெண்டு பேர் எழுந்து நின்னாலே கவுந்துடும்."

ஆ) அந்த மீன் திரும்பி வருகிறது. இருவரும் ஒரே கம்பைப் பிடித்து இழுக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. திரும்பிப் போன பாறை மீன் வராது.

இ) பேசாமலே கரைக்கு வருகிறார்கள். ஒருத்தி இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம் நடந்து, தூரத்தில் இரண்டு புள்ளிகளாக— போதும். எனக்கு அண்ணியைப் பிடித்துவிட்டது. அவரைப் புள்ளியாக்க மாட்டேன்.

மூன்றையும் கிழித்தேன். "சரி, என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டேன். அன்றைக்கு அவள் எந்திரத்தின் மூடியை மூடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து சொன்னாள்.

அதை அப்படியே தருகிறேன். அண்ணி கடைசியாக ஒரு வாக்கியம் சொல்வார். அதோடு நானும் நின்றுவிடுவேன். நாத்தனார் பதிலுக்கு என்ன சொன்னாள், அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டு அடுத்த வாரம் கிளம்பினாள், கிளம்பினாளா இல்லையா, இனி எப்படிக் கூப்பிட்டாள், இதெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை நான். உங்களுக்குத் தோன்றுகிறபடி எழுதிக்கொள்ளுங்கள். மீனின் அளவை மட்டும் குறைக்காதீர்கள்.

6

"அண்ணி, தீர்ப்பு வந்துடுச்சுன்னு தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். காலையிலேருந்து நீ என்னத் திட்டவே இல்லையே, ஒழுங்கா."

"எல்லாம் என்னாலதான்."

"எது? மீனா?"

"கல்யாணம். நீங்க பாட்டுக்கு இருந்தீங்க. ஞாயித்துக்கிழமை கூட வர ஆள் இல்லாமப் போயிடுமேன்னு நான்தான் எங்கண்ணன் தலையில உங்களயும், உங்க தலையில எங்கண்ணனையும்..."

அண்ணி ரீலைச் சுற்றி லூரை மேலே எடுத்தார். முள்ளில் சிக்கியிருந்த பாசியைப் பொறுமையாகப் பிடுங்கி நீரில் போட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். படகு ஆடியது.

"சிரிக்காதீங்க அண்ணி. ரெண்டு பேரோட வாழ்க்க இது."

"ஏண்டி, அப்ப நம்ம படகுல உனக்கு மட்டும்தான் மூள இருந்துச்சுன்னு நெனப்பா? வேற ஊர் மாப்பிள்ளைய நான் எதுக்கு வேணாம்னேன்?"

"எதுக்கு?"

"உங்கண்ணனுக்குத் தெரியும். கையெழுத்துப் போடப் போனப்ப சொல்லிட்டேன். 'இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு படகு வாங்கிக் குடுத்திருப்பேனே'ன்னு சிரிச்சாரு. பாவம், நல்ல மனுஷன். உன்கிட்டதான் சொல்லவே இல்ல."

"என்னது?"

அண்ணி லூரைப் பின்னால் ஓங்கினார். வீசவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார்.

"நான் உங்கண்ணனக் கட்டிக்கிட்டதே உன்னோட இந்தப் படகுல உக்காரத்தாண்டி."